முதுகுக்குப் பின்னால் எவ்வளவு நிலம்?

ஊர்க் கழகத்தில் அணி தெரியும் பின்னேரங்களில் வாக்குவாதம் முழுக்க முன்களத்தைச் சுற்றியே நடக்கும். கோல் அடிக்கக்கூடியவன் யார், இடதுகால்காரன் யார், யாரை விங்கில் விடுவது என்று பொழுது போய்விடும். நடுப் பின்களத்து இருவரின் முறை வரும்போது மைதானத்தில் வெளிச்சமும் குறைந்திருக்கும், ஆட்களிடம் பொறுமையும் குறைந்திருக்கும். அப்போது மூத்த வீரர் ஒருவர் பழைய சூத்திரத்தை எடுத்து வைப்பார்: “ஒருத்தன் அடிச்சு விளையாடவேணும், மற்றவன் பாத்து விளையாடவேணும்.” அத்தோடு கதை முடிந்தது. கண்டாவளையில் கேட்கும் இந்தச் சூத்திரத்தை முரசுமோட்டையிலும் கேட்கலாம், தருமபுரத்திலும் கேட்கலாம். ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் கோட் போட்ட விமர்சகர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவேதான்.

சூத்திரத்துக்குச் சாட்சி கேட்டால் எல்லோரும் அதே இரண்டு இணைகளைத்தான் அழைக்கிறார்கள். மன்செஸ்டர் யுனைட்டட்டின் ரியோ பெர்டினண்டும் நெமான்யா விடிச்சும் ஒன்று. பார்சிலோனாவின் கார்லெஸ் புயோலும் ஜெராட் பிக்கேயும் மற்றது. விடிச் அடிப்பவர், பெர்டினண்ட் பார்ப்பவர். புயோல் அடிப்பவர், பிக்கே பார்ப்பவர். ஒரே அச்சில் வார்த்த இரண்டு சோடிகள் என்பதே பரவலான தீர்ப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. சரக்கு இரண்டிடமும் ஒன்றுதான், பங்கு பிரித்த விதம் வேறு. அந்த விதத்தைத் தீர்மானித்ததில் ஆட்களின் குணத்துக்கு இருந்த பங்கைவிட, அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் கிடந்த வெற்று நிலத்துக்கு இருந்த பங்கு பெரிது.

நடுப் பின்களத்துக்கு வேண்டிய சரக்கு நான்கு என்று வைத்துக்கொள்வோம். பந்தை நோக்கிப் பாயும் சூடு. திரும்பி ஓடும் வேகம். உயரப் பந்தை வெல்லும் தலை. காலுக்குப் பந்து வந்தால் பதறாத நிதானம். நான்கும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம், அதனால்தான் இருவர் தேவைப்படுகிறார்கள். மன்செஸ்டரில் சூடும் தலையும் விடிச்சிடம் இருந்தன, வேகமும் நிதானமும் பெர்டினண்டிடம் இருந்தன. பார்சிலோனாவில் சூடும் வேகமும் புயோலிடம் இருந்தன, தலையும் நிதானமும் பிக்கேயிடம் இருந்தன. ஒரே அளவான காணியை இரண்டு குடும்பங்கள், ஒன்று நெடுக்காகவும் மற்றது குறுக்காகவும் எல்லை போட்டுப் பிரித்ததுபோல இது. “பாத்து விளையாடுறவன்” என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் இருவரில் ஒருவர் தன் இணையின் வேகமான கால், மற்றவர் தன் இணையின் மெதுவான கால். சூத்திரம் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதேயில்லை.

ஆட்டத்தில் அதன் விளைவு பெரிது. விடிச் பந்துக்காக முன்னே பாய்ந்து தவறவிட்டால் அவரால் எளிதில் திரும்பி வர முடியாது. அந்த ஓட்டம் பெர்டினண்டின் கணக்கில் எழுதப்படும். ஆகவே பெர்டினண்ட் எப்போதும் ஓரடி பின்னே, சற்று பக்கவாட்டில், விடிச்சின் தோல்வியை முன்கூட்டியே எதிர்பார்த்தவராக நின்றார். சறுக்கிப் பறிக்கும் தேவை அவருக்குக் குறைவாக ஏற்பட்டதற்கும் காரணம் இதுவே. தவறு நடக்குமுன்பே அவர் புறப்பட்டுவிடுவார்.

புயோல் முன்னே பாய்ந்து தவறவிட்டால் பெரும்பாலும் அவரே திரும்பி ஓடினார். பிக்கே துரத்தவில்லை, நடுவில் நின்று எதிராளியை அகலமான வழிக்குத் தள்ளி நேரம் வாங்கிக் கொடுத்தார். மன்செஸ்டரில் ஒருவர் போக மற்றவர் மூடினார். பார்சிலோனாவில் ஒருவர் போக மற்றவர் காத்தார், போனவரே வந்து மூடினார். இரண்டும் மூடல்தான். ஆனால் ஒரு பையனைத் தெரியும்போது எந்த மூடலுக்குத் தெரிகிறோம் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு? அலெக்ஸ் பேர்குசனின் அணி பெரிய ஆட்டங்களில், குறிப்பாக ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது, தயங்காமல் பின்னிறங்கும். எதிரணி பக்கவாட்டிலிருந்து பந்தைத் தூக்கிப் போடட்டும் என்று விட்டுவிடும். பந்து தூக்கிப் போடப்படும் இடத்தில் விடிச் இருப்பார். பின்னால் நிலம் குறைவு, ஆள் நெரிசல் அதிகம். அங்கே சூடும் தலையும் ஒரே ஆளிடம் இருப்பது இலாபம், ஏனென்றால் பாயவேண்டிய பந்தும் முட்டவேண்டிய பந்தும் ஒன்றே. பெப் குவார்டியோலாவின் அணியோ நடுக்கோடு வரை பின்வரிசையை ஏற்றிவிடும். வலதுபுறத்தில் டனி அல்வெஸ் பின்கள வீரர் என்பதே சம்பளப் பட்டியலில் மட்டுந்தான். பின்னால் அரை மைதானம் காலி. அங்கே முன்னே பாய்பவனுக்குத் திரும்பி ஓடவும் தெரிந்திருக்கவேண்டும். சூடும் வேகமும் ஒரே உடம்பில் சேர்ந்தே ஆகவேண்டும்.

எண்கள் இங்கே ஒரு சிறு வேடிக்கை காட்டுகின்றன. 2008-09 லீக் பருவத்தில் யுனைட்டட் 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 24. அடுத்த பருவத்தில் பார்சிலோனா 38 ஆட்டங்களில் வாங்கியதும் 24. தத்தம் சிறந்த பருவங்களைப் பார்த்தால் யுனைட்டட்டுக்கு 2007-08இல் 22, பார்சிலோனாவுக்கு 2010-11இல் 21. நேர் எதிரான இரண்டு வழிகள், ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. இந்த எண்களை வைத்து மட்டும் எந்த இணை மேல் என்று சொல்வது சரியாகாது. யுனைட்டட்டின் பின்னால் எட்வின் வான் டெர் சார் நின்றார். 2008-09இல் அந்த அணி தொடர்ச்சியாக 14 லீக் ஆட்டங்களில் கோல் வாங்காமல் இருந்த நாட்களில் காயம் காரணமாக இருவரும் எப்போதும் சேர்ந்து விளையாடவும் இல்லை. இளைஞரான ஜொனி எவன்ஸ் பல ஆட்டங்களில் இட்டு நிரப்பினார். பார்சிலோனாவின் முன்னால் ஷாவியும் இனியெஸ்டாவும் பந்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். பந்து எதிரணியிடம் இல்லாத நேரத்தில் கோல் வாங்க வழியில்லை. என் கணிப்பைச் சொல்கிறேன்: மன்செஸ்டர் இணை அதிக தடவை, குறைந்த நிலத்தைக் காத்தது. பார்சிலோனா இணை குறைந்த தடவை, அதிக நிலத்தைக் காத்தது.

இனி எதிர்பாராத உறவுக்கு வருவோம். பிக்கே பார்சிலோனாவின் இளையோர் அணியிலிருந்து 2004இல் 17 வயதில் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்த இடம் மன்செஸ்டர். இடையே ஒரு பருவம் சரகோசாவில் இரவலாக விளையாடியதைத் தவிர, 2008 வரை அவர் அங்கேதான் இருந்தார். அவருக்கு முன்னால் அடைத்துக்கொண்டு நின்றவர்கள் பெர்டினண்டும் விடிச்சும். 2007 நவம்பரில் போல்டனுக்கு எதிராகக் கிடைத்த வாய்ப்பில் ஓர் உயரப் பந்தைத் தவறாகக் கணித்தார், அனெல்கா கோல் அடித்தார், யுனைட்டட் 0-1 என்று தோற்றது. அடுத்த கோடையில் ஊர் திரும்பினார். ஆக, இரண்டாவது இணையின் பாதி முதல் இணையின் வாங்கில் உட்கார்ந்திருந்த ஆள். பெர்டினண்ட் எப்போது புறப்படுகிறார், விடிச் எப்போது பாய்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆனாலும் அவர் பார்சிலோனாவுக்குப் போய்ப் பெர்டினண்டைப் போல விளையாடவில்லை. அந்தக் கால்கள் அவருக்கு இல்லை. பார்த்ததை அப்படியே செய்யாமல், தன்னிடம் உள்ளதற்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். நம்முடைய பொடியள் யூடியூப்பில் வான் டைக்கைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்கும்போது இதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இன்னும் சில ஒற்றுமைகள் உண்டு. நால்வரும் வலதுகால்காரர்கள். இன்றைய பயிற்றுநர்கள் இடது நடுப் பின்களத்துக்கு இடதுகால்காரன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இந்த இரண்டு இணைகளிலும் இடப்பக்கத்தில் நின்றவர் சூடான ஆள், அதுவும் வலதுகாலோடு. வலப்பக்கத்தில் நின்றவர் பந்தோடு நிதானமானவர். இது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். பந்தைத் தொடங்குபவருக்கு உடம்பைத் திறந்து நிற்க வசதியான பக்கம் கொடுக்கப்பட்டது. பாய்பவருக்குப் பக்கம் எதுவானால் என்ன?

இவர்களில் இருவரின் முற்பிறவிகள் சுவையானவை. புயோல் ஊரில் தொடங்கியது கோல் காப்பாளராக. தோள்பட்டைக் கோளாறு அவரை முன்களத்துக்குத் துரத்தியது, பின்களத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. பெர்டினண்ட் சிறுவயதில் லண்டனில் புலமைப்பரிசில் பெற்று பலே நடனம் பயின்றவர். கையால் பந்து பிடித்தவன் சூடான பின்கள வீரனாகிறான், நடனம் ஆடியவன் நிதானமானவனாகிறான். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையைப் பார்த்து “இவன் ஸ்டொப்பர் பக்குக்குச் சரி” என்று முத்திரை குத்திவிடும் எங்கள் பள்ளிக்கூட வழக்கத்துக்கு இந்த இருவரும் எதிர்ச்சாட்சி.

விலையிலும் ஒரு சமச்சீர். பெர்டினண்டை 2002இல் லீட்ஸிடமிருந்து வாங்க யுனைட்டட் ஏறக்குறைய 30 மில்லியன் பவுண் கொடுத்தது, அன்றைய பிரித்தானியச் சாதனை. விடிச் 2006 ஜனவரியில் மொஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 7 மில்லியனுக்கு வந்தார். மறுபக்கத்தில் புயோலுக்கு விலையே இல்லை, அவர் கழகத்தின் சொந்தப் பிள்ளை. பிக்கேயும் சொந்தப் பிள்ளைதான், ஆனால் கொடுத்த பிள்ளையைத் திரும்பக் காசு கொடுத்து எடுக்கவேண்டியிருந்தது.

இந்த இரண்டு இணைகளும் நேருக்கு நேர் மோதிய சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டங்கள் என்று பலரும் இரண்டைச் சொல்வார்கள்: 2009 ரோம், 2011 வெம்ப்ளி. கவனித்துப் பார்த்தால் அந்த மோதல் நடக்கவேயில்லை. ரோமில் அல்வெஸ் தடையில் இருந்ததால் புயோல் வலப்பக்கப் பின்களத்துக்கு நகர்த்தப்பட்டார், பிக்கேயோடு நடுவில் நின்றவர் யாயா டூரே. வெம்ப்ளியில் பிக்கேயோடு நின்றவர் மஸ்கரானோ. புயோல் களம் இறங்கியது ஆட்டம் முடியும் தறுவாயில். அன்று கிண்ணத்தை முதலில் உயர்த்தும் உரிமையை, இரண்டரை மாதங்களுக்கு முன் ஈரல் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்த அபிடாலுக்கு அவர் விட்டுக்கொடுத்தார். இரண்டு ஆட்டங்களிலும் முழு இணையாக நின்றவர்கள் பெர்டினண்டும் விடிச்சும் மட்டுமே. இரண்டிலும் தோற்றவர்களும் அவர்களே.

ரோம் ஆட்டம் 2009 மே 27 இரவு. போர் முடிந்த கையோடு, கண்டாவளைச் சனத்தில் மிகப் பெரும்பாலானோர் அப்போது செட்டிக்குளத்து முகாம்களின் தறப்பாள்களுக்குள் இருந்தார்கள். உலகம் பார்த்த ஆட்டத்தை நாங்கள் பல வருடங்கள் கழித்து, கைபேசித் திரையில், முடிவு தெரிந்த பிறகுதான் பார்த்தோம். முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது. கண் பந்தின் பின்னால் ஓடாமல் பின்வரிசையில் தங்குகிறது.

அப்படிப் பார்த்தால் ரோமில் விழுந்த இரண்டு கோல்களும் அந்த இணையின் பங்கீட்டையே தலைகீழாக்கிக் காட்டுகின்றன. பத்தாவது நிமிடத்தில் எட்டோ பந்தோடு விடிச்சை நோக்கி வருகிறார். விடிச் காலை நீட்டிச் சாய்கிறார், எட்டோ உள்ளே வெட்டிக் கால்விரல் நுனியால் தட்டிவிடுகிறார். அது வேகத்துக்கான சோதனை, ஆனால் வந்து சேர்ந்தது தலைக்காரரிடம். 70ஆவது நிமிடத்தில் ஷாவி தூக்கிப் போட்ட பந்துக்கு மெஸ்ஸி பெர்டினண்டின் பின்னால் எழுகிறார். 170 சென்ரிமீற்றர் மனிதர், தலையால் கோல். அது தலைக்கான சோதனை, ஆனால் வந்து சேர்ந்தது வேகக்காரரிடம். இரண்டு பந்தும் இடம் மாறி வந்திருந்தால் ஆட்டம் என்னவாகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வெம்ப்ளியில் நடந்தது இன்னும் நுட்பமானது. மெஸ்ஸி நடு முன்களத்திலிருந்து இறங்கி நடுக்களத்துக்குப் போய்விட்டார். பெர்டினண்டும் விடிச்சும் பெட்டிக்கு முன்னால் ஆளில்லாத நிலத்தைக் காத்துக்கொண்டு நின்றார்கள். விடிச்சுக்குப் பாய ஒரு முதுகு இல்லை, பெர்டினண்டுக்கு மூட ஒரு தவறு இல்லை. அன்று பார்சிலோனா அடித்த மூன்று கோல்களில் இரண்டு, மெஸ்ஸியுடையதும் வியாவுடையதும், பெட்டிக்கு வெளியேயிருந்து வந்தவை. யாரும் வராத இடத்தில் அந்த இணை உடைந்தது.

பார்சிலோனா இணையின் தோல்வி இதன் கண்ணாடிப் பிம்பம். 2010 ஏப்ரலில் மிலான் நகரில் இன்ரர் அணி 3-1 என்று வென்ற அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் புயோலும் பிக்கேயும் சேர்ந்தே நின்றார்கள். இன்ரர் பந்தைப் பறித்த கணமே மூன்று நான்கு பேர் அந்தக் காலி நிலத்துக்குள் ஒருமிக்க ஓடினார்கள். போனவர் திரும்பி வருவதற்கும், நிற்பவர் நேரம் வாங்குவதற்கும் இடைவெளியே கிடைக்கவில்லை. மன்செஸ்டர் இணை ஆள் வராதபோது உடைந்தது, பார்சிலோனா இணை ஆட்கள் அதிகமாக, விரைவாக வந்தபோது உடைந்தது. இரண்டாவது ஆட்டத்தில் புயோலுக்குத் தடை. கடைசியில் பிக்கேயை முன்களத்துக்கு அனுப்பினார்கள். 84ஆவது நிமிடத்தில் அவர் கோல் காப்பாளரைச் சுழன்று கடந்து, பிறவி முன்கள வீரரைப் போல அடித்தார். போதவில்லை, ஆனால் அழகு.

அடுத்த சில வாரங்களில் உலகக் கிண்ணம். ஸ்பெயின் ஏழு ஆட்டங்களில் வாங்கியது இரண்டே கோல்கள், வெளியேற்றச் சுற்றின் நான்கு ஆட்டங்களும் 1-0. அரையிறுதியில் ஜேர்மனிக்கு எதிராக ஷாவி போட்ட மூலை உதைக்கு பிக்கேயும் புயோலும் ஒரே இடத்தில் எழுகிறார்கள். ஏறக்குறைய ஆறு அங்குலம் குள்ளமான புயோல் ஓடிவந்த வேகத்தில் மேலே நிற்கிறார், பந்து அவருடைய தலைக்கே போகிறது. தலைக்காரர் யார் என்று நான் மேலே எழுதிய பங்கீட்டை அந்த ஒரு பாய்ச்சல் கேலி செய்கிறது. சூடும் வேகமும் சேர்ந்தால் சில வேளைகளில் தலையும் இலவசமாகக் கிடைக்கும்போலும். இறுதியாட்டத்தில் ரொபன் தனியே ஓடியபோது பின்னால் பிடித்தும் இழுத்தும் துரத்தி வந்ததும் அதே புயோல்தான். ரொபன் விழவில்லை, கசியாஸ் பந்தை எடுத்துவிட்டார்.

அதே போட்டியில் விடிச் சேர்பியாவுக்காக நின்றார். ஜேர்மனியை அவர்கள் 1-0 என்று வென்றார்கள், இடையில் விடிச் கையால் பந்தைத் தொட்டு ஒரு பெனால்டியைப் பரிசளித்தும். அவருடைய நாட்டணியின் கணக்கில் இன்னொரு வியப்பும் உண்டு. 2006 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், அவரும் இருந்த பின்வரிசையோடு சேர்பியா-மொன்டினிக்ரோ 10 ஆட்டங்களில் வாங்கியது ஒரே ஒரு கோல். அவர் விளையாட முடியாமற்போன இறுதிச் சுற்றில் 3 ஆட்டங்களில் வாங்கியது 10. ஒரு ஆள் இல்லாமற்போனதன் விலை இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். அவ்வளவும் அவரால் அல்ல. ஆனால் பழகிய வரிசையில் ஒரு கல்லை உருவினால் மற்றக் கற்களும் தாங்கள் எங்கே நிற்கவேண்டும் என்பதை மறந்துவிடுகின்றன.

யார் பேசினார் என்பதிலும் இரண்டும் வேறு. மன்செஸ்டரில் பின்னால் நின்ற பெர்டினண்ட் ஓயாமல் குரல் கொடுத்தார், முன்னால் போன விடிச்சுக்கு அது இரண்டாவது கண். பார்சிலோனாவில் முன்னே பாயும் ஆளே தலைவர். கூட்டத்திலிருந்து எறியப்பட்ட ஒரு லைட்டரை நடுவரிடம் காட்டுவதற்காகப் பிக்கே எடுத்துப் போகிறார். புயோல் அதைப் பறித்து வெளியே வீசிவிட்டு, விளையாடு என்று அவரைத் தள்ளிவிடுகிறார். நிதானத்துக்கு ஒரு குறை உண்டு, அது சில வேளைகளில் கவனமின்மையாகத் தூங்கிவிடும். பிக்கேயின் நிதானத்தை விழித்திருக்க வைத்தது புயோலின் அதட்டல். விடிச்சின் சூட்டைக் கொதித்து வழியாமல் வைத்தது பெர்டினண்டின் குரல். பெர்டினண்டும் விடிச்சும் புயோலும் 2014இல், ஒரே கோடையில், தத்தம் கழகங்களை விட்டுப் போனார்கள். பிக்கே மட்டும் 2022 நவம்பர் வரை நின்றார். அதட்ட ஆளில்லாத அந்த எட்டு வருடங்களின் பிற்பகுதியில் அவர் விட்ட பந்துகளைப் பார்சிலோனா ரசிகர்களிடம் கேட்கலாம்.

சரி, எங்கள் மைதானத்துக்கு வருவோம். மார்கழியில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டால் கனகராயன் ஆற்றின் வெள்ளம் கண்டாவளையின் தாழ்ந்த நிலமெல்லாம் ஏறும். 2018 டிசம்பரில் வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளம் வற்றி நிலம் ஈரமாக இருக்கும் நாட்களில் மாடுகள் மைதானத்துக்குள் மேயும். காலபோக அறுவடை முடிந்து ஆட்டங்கள் சூடுபிடிக்கும் பங்குனி, சித்திரையில் அந்தக் குளம்புத் தடங்கள் கல்லாய் இறுகிக் கிடக்கும். நிலத்தோடு உருட்டிவிடும் பந்து எந்தத் தடத்தில் பட்டு எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. பிக்கேயின் சிறந்த சரக்கான அந்த நீண்ட நிலப்பந்து இங்கே பாதி மதிப்பை இழக்கிறது. வைகாசியிலிருந்து சோளகம் வேறு. மைதானத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்: எதிரணிக் கோல் காப்பாளர் காற்றோடு அடித்த பந்து நடுக்கோட்டைத் தாண்டி விழப்போகிறது என்று எங்கள் பையன் தலையைத் தயார் செய்துகொண்டு நிற்பான். பந்து அவனுக்கு இரண்டடி மேலாகப் போய், காய்ந்த தரையில் குத்தி, முதல் துள்ளலிலேயே பெட்டிக்குள் எழும்பும். அவன் திரும்புவதற்குள் ஃபோர்வேட் ஐந்தடி முன்னே. எங்கள் கோல் காப்பாளரோ கோட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று சத்தியம் செய்த ஆள்.

ஆகவே எங்கள் பின்வரிசைக்குப் பின்னால் உள்ள நிலத்தைப் பயிற்றுநர் மட்டும் தீர்மானிப்பதில்லை, காற்றும் தீர்மானிக்கிறது. காற்று எங்கள் முதுகில் அடிக்கும் பாதியில் எதிரணியின் உயரப் பந்து அந்தரத்தில் நின்று குறுகி விழும். அப்போது முன்னே பாய்ந்து முட்டுபவன் வேண்டும், பின்னே நிலம் இல்லாததற்குச் சமம். அது மன்செஸ்டர் பாதி. காற்று முகத்தில் அடிக்கும் பாதியில் பந்து எல்லோரையும் தாண்டிப் போகும், பின்னே நிலம் இரண்டு மடங்காகிவிடும். அது பார்சிலோனா பாதி. ஒரே ஆட்டத்தில் இரண்டு நிலங்கள். பெர்டினண்டுக்கும் பிக்கேக்கும் இந்தச் சிக்கல் வாரந்தோறும் வந்ததில்லை.

இப்போது கழகத்தில் மூன்று பையன்கள் அந்த இரண்டு இடத்துக்கு நிற்கிறார்கள் என்று வைப்போம். உயரமானவன், தலையில் கெட்டிக்காரன், திரும்ப நேரம் எடுப்பவன். நடுத்தர உயரம், வேகமானவன், கோபக்காரன். மூன்றாமவன் காலில் பந்து ஒட்டும், வேகம் மட்டுமட்டு. சூத்திரத்தின்படி கோபக்காரனையும் மூன்றாமவனையும் சேர்த்தால் புயோலும் பிக்கேயும் கிடைத்துவிட்டதாகத் திருப்திப்படலாம். நான் அப்படிச் சேர்க்கமாட்டேன். பந்து ஒட்டுவதன் பலனை எங்கள் தரை தராது, பிக்கேயிடம் இருந்த உயரமும் அவனிடம் இல்லை. நான் எடுப்பது உயரமானவனையும் வேகமானவனையும். ஆனால் பெர்டினண்ட்-விடிச் பங்கீட்டில், அதாவது கோபக்காரனைப் பின்னே நிறுத்தி. அவனுக்கு அது பிடிக்காது. வேகமான பையனுக்கு முன்னே பாயத்தான் ஆசை, பின்னே நின்று இன்னொருவனின் தவறுக்காகக் காத்திருப்பது தண்டனையாகத் தோன்றும். பலே பயின்றவர் அந்தக் காத்திருப்பையே தன் ஆட்டமாக்கிக்கொண்டார் என்று சொன்னால் சிரிப்பான், பரவாயில்லை.

இன்னொன்று, தெரிவு ஆட்டத்தை நடத்தும் முறை. எங்களில் வழக்கம், இரண்டு பையன்களை ஒரே இடத்தில் முழு ஆட்டமும் விட்டுப் பார்ப்பது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது அவர்களுடைய வேலையையும் மாற்றிவிட்டுப் பார்க்கவேண்டும். முதல் பாதியில் முன்னே போனவன் இரண்டாம் பாதியில் பின்னே நிற்கட்டும். சிறப்பாகச் செய்யத் தேவையில்லை, மற்றவனின் வேலை எவ்வளவு கடினம் என்று விளங்கும் அளவுக்குச் செய்தால் போதும். அப்போது பார்க்கவேண்டியது பறித்த பந்துகளின் எண்ணிக்கையை அல்ல. பந்து தங்களைத் தாண்டிப் போன கணத்தில் இருவரில் யார் முதலில் திரும்புகிறான், திரும்பும்போது மற்றவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறானா என்பதை.